சாயங்காலப் பாலுக்கு முன்னால்

மேனேஜர் ஆன முதல் நாள் என்னிடமிருந்து ஸ்க்ரூடிரைவர் பையைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிடுங்கியவர் முதலாளி. பதிலுக்கு ஒரு சுழல் நாற்காலி கொடுத்தார்.

"இனிமே நீ பை மாட்டிக்கினு திரியக்கூடாதும்மா. பாக்கறவங்க நம்ம கம்பெனிய இன்னா நெனைப்பாங்க."

பார்க்கிறவர்கள் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அப்போதெல்லாம் யார் என்ன நினைத்தார்கள் என்று அவர் கேட்டதில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பால் கம்பெனி அது. காலையும் மாலையும் ஊர் ஊராகப் பால் எடுக்கிறோம். ஒவ்வொரு ஊரிலும் ஒரு சென்டர், ஒரு தராசு, கொழுப்பு பார்க்கும் மெஷின் ஒன்று, ஒரு கம்ப்யூட்டர். டிப்ளமோ முடித்துவிட்டு ஆபரேட்டராகச் சேர்ந்தேன். பால் கணக்குக்கான புரோகிராமை எழுதியது நான். அது படுத்துக்கொண்டால் ஸ்கூட்டியில் போய் எழுப்பியதும் நான்தான். சங்கராபுரம், மணலூர்பேட்டை, திருநாவலூர் என்று மழையில் நனைந்து, நாய் துரத்தி, எல்லாம் ஆயிற்று. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஒன்று ஓடும், இல்லையென்றால் ஓடாது. பொய் சொல்லி ஓட வைக்க முடியாது.

பழைய மேனேஜர் வேறு வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போய்விட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு அந்த நாற்காலியைக் காட்டினார். எனக்கு அந்த வேலை தெரியாது என்றேன்.

"இதுல தெரிஞ்சிக்க இன்னா இருக்குது? அவன் இன்னா பண்ணான்? போன் பேசினான். நீயும் பேசு."

பேசினேன். நாள் முழுக்கப் பேசினேன். இரண்டு மாதத்தில் ஒரு கேபிளைக்கூடத் தொடவில்லை. அதுகூடப் பரவாயில்லை. கம்ப்யூட்டர் அறையில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். அதுவரை நான் அவர்களுக்கு அக்கா. நாற்காலி மாறிய வாரமே மேடம் ஆகிவிட்டேன். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கும். டீ வாங்கப் போகிறவர்கள் என்னைக் கேட்பதில்லை, ஏனென்றால் மேடத்துக்கு டீ ரூமுக்கே வந்துவிடும்.

அந்த நான்கு பேரில் முதலில் மேடம் என்று கூப்பிட்டவன் மலைக்காரன். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் அவன் ஊர். கல்வராயன் மலையில் இருக்கும் சென்டர்கள் எல்லாம் அவன் பொறுப்பு. கெட்டிக்காரன். கெட்டிக்காரன் என்று அவனுக்கே தெரியும், அதை ஊருக்கெல்லாம் சொல்லவும் செய்வான். வாய்த் துடுக்கு ஜாஸ்தி. எனக்கும் ஜாஸ்திதான். அதனால் ஒத்துப்போனோம். மேடம் என்று அவன் சொன்னது கிண்டலுக்கு. பிறகு அது கிண்டலாக இல்லாமல் போனது.

நாற்காலியோடு சேர்த்து எனக்கு வந்த வேலை, என் புரோகிராமை நானே புதைப்பது. சென்னைக் கம்பெனி ஒன்றிடம் புதிய சிஸ்டம் வாங்கியிருந்தார் முதலாளி. பால் ஊற்றுகிறவர் கட்டைவிரலை வைக்க வேண்டும். விரல் ஒத்துப்போனால்தான் தராசே எண் காட்டும். யார் கார்டில் யார் ஊற்றினார் என்ற சண்டையே வராது என்று சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் சொன்னார். அவர் பார்த்த சென்டர்கள் எல்லாம் சமவெளியில் இருப்பவை. மலைக்குப் போகவில்லை. வளைவில் வாந்தி வரும் என்றார்.

ஒரே நாளில் எல்லா சென்டரையும் மாற்ற வேண்டும். சாயங்காலப் பால் முடிந்ததும் ஆரம்பித்து விடியற்காலைக்குள் முடிப்பது என்று இன்ஜினியர் திட்டம் போட்டார். நல்ல திட்டம்தான். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை.

"ராத்திரி வாணாம். வெள்ளிக்கெழம, ராகு காலம் முடிஞ்சி பன்னண்டுக்கு மேல. நாள் பாத்துட்டேன்."

காலைப் பாலுக்கும் சாயங்காலப் பாலுக்கும் நடுவில் இருக்கும் கொஞ்ச நேரத்தில் இதைச் செய்ய வேண்டும் என்று அர்த்தம். இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு காரணம் இருந்தது.

அந்த வாரம்தான் மலைக்காரன் கையில் மஞ்சள் கயிறோடு வந்திருந்தான். அவன் ஊரில் மாரியம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டார்கள். காப்பு கட்டினால் திருவிழா முடிகிறவரை ஊர்க்காரர்கள் இரவு வெளியூரில் தங்கக்கூடாது. அதோடு இந்த வருஷம் கரகம் எடுப்பது அவன். பொழுது போவதற்குள் அவன் ஊரில் இருந்தாக வேண்டும். பகலில் வேலைக்கு வரலாம், சாயங்காலக் கடைசி பஸ்ஸில் மலை ஏறிவிட வேண்டும். ராத்திரி மாற்றுவது என்றால் அவன் இல்லாமல் மாற்ற வேண்டும். மலை சென்டர்களின் சிக்னல் எந்தப் பாறை மேல் நின்றால் கிடைக்கும் என்பதுவரை அவனுக்குத்தான் தெரியும். முதலாளி பார்த்த நாள் எனக்கு வசதியாகப் போயிற்று.

ஒன்றை மட்டும் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். மூன்றரை மணிக்குள் எல்லா சென்டரும் புதிய சிஸ்டத்துக்கு வரவில்லை என்றால், பழையதற்கே திரும்பிவிடுவது. பால் ஊற்றுகிறவர்களைக் கேனோடு நிற்க வைக்க முடியாது. முதலாளி படிக்காமல் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு மலைக்காரனைப் பற்றிக் கேட்டார்.

"அவனும் கடைசி வரைக்கும் இருக்கணும்."

"அவங்க ஊர்ல காப்பு கட்டிட்டாங்க சார். கடைசி பஸ்ஸுக்கு அனுப்பணும்."

"சம்பளம் அம்மனா குடுக்குது? வேல முடியாம பஸ் ஏறினான்னா திங்கக்கெழம வர வாணாம்னு சொல்லிடு."

சொன்னேன். சொல்ல வேண்டியது என் வேலை என்றார்கள். மலைக்காரன் கேட்டுக்கொண்டு, "சரிங்க மேடம்" என்றான். அவ்வளவுதான். அவன் சம்பளத்தில்தான் அந்த வீடு நடக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் அக்காவாக இருந்தபோது அவன் சொன்னது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்கு சர்வர் மேல் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, சூடம் காட்டினார்கள். புகை எச்சரிக்கை மணி கத்திவிடும் என்று இன்ஜினியர் பயந்தார். அதன் பேட்டரி தீர்ந்து ரொம்ப நாள் ஆகிறது என்று மலைக்காரன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நான் அதைக் குறித்துக்கொண்டேன், ஏனென்றால் பேட்டரி மாற்றுவதும் இப்போது என் தலையில்தான்.

முதலாளி பட்டனை அழுத்தினார். சமவெளி சென்டர்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. திருநாவலூர் வந்தது. சங்கராபுரம் வந்தது. மணலூர்பேட்டை கொஞ்சம் அடம்பிடித்து வந்தது. இன்ஜினியர் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தார். முதலாளி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் அறையில் யாருக்கோ போன் போட்டு, கைரேகை, கைரேகை என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

மூன்று மணி வாக்கில் மலை சென்டர்கள் வரிசையாகச் சேர்ந்தன. சோதனைக்காக ஒரு சென்டரில் பால் ஊற்றும் அம்மா ஒருவரைக் கேன்களோடு சீக்கிரமே வரச் சொல்லியிருந்தோம். சென்டர் ஆபரேட்டர் போனில் இருந்தார். அந்த அம்மா விரல் வைத்தார். எடுத்துக்கொண்டது. ஊற்றினார். எண் வந்தது. இன்ஜினியர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அடுத்து அந்த அம்மா இரண்டாவது கார்டை எடுத்தார். விரல் வைத்தார். சிவப்பு விழுந்தது. மூன்றாவது கார்டு. சிவப்பு.

"எதுக்கு அவங்க இத்தன கார்டு வச்சிருக்காங்க?" என்று இன்ஜினியர் கேட்டார்.

மலையில் வீடுகள் சேர்ந்தாற்போல் இருக்காது. ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் பாலுக்காக வீட்டுக்கு ஒருவர் சென்டருக்கு இறங்கி வர மாட்டார்கள். முறை வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு. முறைக்காரர் சிற்றூரின் கேன்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்து, ஒவ்வொரு கார்டாகக் காட்டி ஊற்றிவிட்டுப் போவார். என் பழைய புரோகிராமில் கார்டு இருந்தால் போதும். புதியதற்கு விரல் வேண்டும். கார்டுக்காரர் விரல் காட்டில் மரவள்ளிக்குக் களை எடுத்துக்கொண்டிருக்கும்.

எனக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு முறை மலை ஏறிக்கொண்டிருந்த வரை உறைத்திருக்கும். இரண்டு மாதமாக நான் ஏறியது இந்த நாற்காலியில்தான்.

மலைக்காரன் பக்கம் திரும்பினேன். அவன் திரையைப் பார்க்கவில்லை. தன் லேப்டாப்பைத் திறந்துகொண்டிருந்தான். முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"எப்ப இருந்து?"

"மலையில வெரல் பதிவு எடுத்தாங்களே, அப்பத்திலேர்ந்தே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்பீங்க? மீட்டிங் போடுவீங்க. இந்த இன்ஜினியர் ஒத்துக்க மாட்டாரு. மொதலாளி மலைய மூடிடலாம்னுவாரு. அதான் நானே சரி பண்ணி வச்சிருக்கேன். முறைக்காரர் வெரல் வச்சா அந்த ஊர் கார்டு எல்லாத்தையும் எடுத்துக்கும். இன்னிக்கு எல்லாரும் பிசியா இருக்கசொல்ல நைசா உள்ள வுட்டுடலாம்னு இருந்தேன். சர்வர் பாஸ்வேர்டு மட்டும் போடுங்க. அரை மணி நேரம்."

எனக்கு வந்த கோபத்தில் லேப்டாப்பைத் தூக்கி அடித்திருப்பேன். அடிக்காததற்குக் காரணம், அவன் திருப்பிக் காட்டிய திரையை நான் படித்துவிட்டேன். நன்றாக எழுதியிருந்தான். நானாக இருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பேன். நானாக இருந்தால் இப்படித்தான் ஒளித்தும் வைத்திருப்பேன். யாருக்கும் சொல்லாமல் உள்ளே தள்ளி, ஓடிய பிறகு சட்டைக் காலரைத் தூக்கிவிட்டிருப்பேன்.

பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். கை துறுதுறு என்றது. நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தால், இரண்டு பேரும் சேர்ந்து அரை மணி நேரத்தில் முடித்துவிடுவோம். முடியலாம். முடியாமலும் போகலாம். அந்த சர்வரில் போடுவது மலைக்கு மட்டும் போகாது, எல்லா சென்டருக்கும் போகும். யாரும் ஓட்டிப் பார்க்காதது. எங்காவது ஒரு பிசகு இருந்தால் திருநாவலூரிலிருந்து வெள்ளிமலை வரை ஜனம் பாலோடு நிற்கும். அப்புறம் கடைசி பஸ்ஸும் போயிருக்கும்.

இன்ஜினியர் புளிசாதக் கையோடு எழுந்து வந்தார். "மேம், மலை சென்டர்ஸ மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் லைவ் போயிடலாமே. அப்புறமா சேத்துக்கலாம்."

ஒழுங்கான யோசனை. சரி என்று சொல்ல வாய் திறந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி தெரிந்தார். மலையில் பால் கம்மி, வண்டி டீசல் ஜாஸ்தி என்று அவர் ஒவ்வொரு மாதமும் சொல்கிறார். இன்று மலை தனியாக நின்றுவிட்டால் அப்புறமா என்ற நாள் வரவே வராது. அந்த மனுஷனை எனக்குப் பல வருஷமாகத் தெரியும்.

"வேணாம். எல்லாத்தையும் பழசுக்கே திருப்புங்க."

இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளியைப் பார்த்தார்.

"மணி மூணரை ஆவுது. எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கேன். திருப்புங்க."

மலைக்காரன் எழுந்து நின்றான். "அக்கா."

இரண்டு மாதம் கழித்து அந்தச் சொல். அந்த நேரம் பார்த்து வந்தது.

"அரை மணி நேரம் குடுக்கா. நீ படிச்சிப் பாத்த இல்ல. அதுல தப்பு இருக்குதா?"

"தப்பு எதுவும் கண்ணுல படல."

"அப்புறம் இன்னா?"

"ஓட்டிப் பாக்கல. மூணரைக்குத் திருப்பணும். திருப்பு."

லேப்டாப்பை மூடினான். பிறகு, "நாற்காலி நல்லாதான் வேல செய்யுது மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து திருப்ப ஆரம்பித்தான். கோபத்தில் விசைப்பலகை உடைந்துவிடும்போல் தட்டினான். ஆனால் ஒரு படியைக்கூடத் தாண்டவில்லை. ஒவ்வொன்றாக, சரியாகச் செய்தான். நான் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைத் தவிர அந்த நேரத்தில் நான் செய்த வேலை எதுவும் இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலை செய்ததும் இல்லை.

மலை சென்டர்கள் பழையதற்கு வந்துவிட்டன. சமவெளியும் வந்தது. மணலூர்பேட்டை மட்டும் வரவில்லை. அங்கே இரண்டு பேர் கேனோடு வந்து நிற்பதாக ஆபரேட்டர் போனில் சொன்னார். பிறகு ஐந்து பேர் என்றார். பிறகு யார் நிற்கிறார்கள் என்று சொல்வதை விட்டுவிட்டு, அவர்கள் என்ன திட்டுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்.

மலைக்காரன் மணியைப் பார்த்தான். மஞ்சள் கயிறு கட்டிய கையிலேயே கடிகாரமும் கட்டியிருந்தான்.

"நீ கெளம்பு" என்றேன்.

"மணலூர்பேட்ட இன்னும் வர்ல."

"கெளம்புடா. பஸ் போயிடும்."

"போனா திங்கக்கெழம எனக்கு வேல இருக்குமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது.

"தெரியாது. கெளம்பு."

பையை எடுத்துக்கொண்டு போனான். கதவை அறைந்து சாத்தினான் என்று எழுத ஆசைதான். மெதுவாகத்தான் சாத்தினான். அதுதான் உறுத்தியது.

மணலூர்பேட்டையை எழுப்பியது அறையில் இருந்த இன்னொரு பெண். அவள் என்னைக் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அவளே இரண்டு தப்பு செய்து, அவளே திருத்தி, எழுப்பினாள். அங்கே முதல் கேன் தராசில் ஏறியது. நான் மூச்சு விட்டேன்.

முதலாளி அப்போதுதான் உள்ளே வந்தார். திரைகளில் என் பழைய புரோகிராமின் நீலம் தெரிவதைப் பார்த்தார். இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் மலை சென்டர், விரல், கார்டு என்று எல்லாவற்றையும் சொன்னார். ஒளித்து வைத்ததையும் சொன்னார். சொல்லாமல் இருக்க அவருக்குக் காரணம் எதுவும் இல்லை.

"எங்க அவன்?"

"பஸ்ஸுக்குப் போயிட்டான் சார்."

"யாரு வுட்டது?"

"நான்தான்."

"வேல முடிஞ்சிதா?"

"முடியல. திருப்பிட்டோம். நீங்க கையெழுத்துப் போட்டது."

"கையெழுத்துக் கத சொல்லாத. சூடம் காட்டி ஆரம்பிச்சத அவுத்துப் போட்டு வச்சிருக்கீங்க. எத்தினி பேருகிட்ட சொல்லிட்டேன் தெரியுமா? அவன் திங்கக்கெழம வரக்கூடாது. லெட்டர் அடி."

"அடிக்க மாட்டேன்."

சத்தம் போட்டுத்தான் சொன்னேன். மெல்லப் பேச எனக்கு வராது.

"உங்க ராகு காலத்துக்கு மொத்தக் கம்பெனியும் பன்னண்டு வரைக்கும் கையக் கட்டிக்கினு நின்னுச்சி சார். ராத்திரி செஞ்சிருந்தா நேரம் இருந்திருக்கும். உங்க சாமிக்கு நாங்க நின்னோம். அவன் சாமிக்கு அவன் போனா வேல போவணுமா? அவன் மறைச்சது தப்பு. பெரிய தப்பு. அதுக்கு அவன நான் கேக்கறேன். கேக்கற விதத்துல கேக்கறேன். திருப்பணும்னு சொன்னது நான். அனுப்பணும்னா என்ன அனுப்புங்க."

"இன்னாம்மா, மெரட்டறியா?"

"என்ன மேனேஜர்னு ஒக்கார வச்சது நீங்க. யார வச்சிக்கறதுன்னு நான் சொல்லக்கூடாதுன்னா, அந்தப் பைய திருப்பிக் குடுங்க. நான் மணலூர்பேட்டைக்குக் கெளம்பறேன். எனக்கு அது ஒண்ணும் கஷ்டம் கெடையாது."

அவர் சர்வர் மேல் காய ஆரம்பித்திருந்த எலுமிச்சம்பழ மூடிகளை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். போகும்போது கதவருகே நின்றார்.

"மறுபடி எப்ப?"

"காப்பு அவுத்ததுக்கு அப்புறம்."

"நாள் நான்தான் பாப்பேன்."

"நாள் நீங்க பாருங்க. நேரம் நான் சொல்றேன்."

அதன் பிறகு ஒரு மாதம் அவர் என்னோடு நேராகப் பேசவில்லை. அக்கவுன்ட்ஸில் இருக்கிறவரிடம் சொல்லியனுப்புவார். லெட்டர் பேச்சு மட்டும் எந்த வழியாகவும் வரவில்லை.

அன்று ஆறு மணிக்கு மேல் மலைக்காரனுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். திங்கக்கிழமை வா, அவ்வளவுதான் எழுதினேன். மலையில் சிக்னல் எப்போது கிடைத்ததோ, மறுநாள் மத்தியானம் பார்த்ததாகக் காட்டியது. பதில் இல்லை.

வந்தான். என் அறையில் நிற்க வைத்து, வெளியே இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி திட்டினேன். நீ ஒளித்து வைத்ததில் மொத்தமும் போயிருக்கும் என்றேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. அவன் எழுதியதை அவனே இன்ஜினியருக்குக் காட்ட வேண்டும் என்றேன். மீட்டிங் போட்டேன், அவன் சொன்ன மாதிரியே. இன்ஜினியர் ஒத்துக்கொள்ளவில்லை, அதுவும் அவன் சொன்ன மாதிரியே. இரண்டாவது மீட்டிங் மலை சென்டரில் நடந்தது. இன்ஜினியர் வளைவில் வாந்தி எடுத்தார். முறைக்கார அம்மா கேன்களை இறக்கி வைத்து, "வெரல் வைக்கணும்னா எல்லாரையும் தூக்கிக்கினு வரட்டுமா சார்?" என்று கேட்டதைக் காதால் கேட்டார். ஒத்துக்கொண்டார்.

திருவிழா முடிந்து, ஓட்டிப் பார்த்து, முதலாளி பார்த்த நாளில் நான் சொன்ன நேரத்தில் மாற்றினோம். சிவப்பு எதுவும் விழவில்லை. என் புரோகிராமை நிறுத்தும் பட்டனை மலைக்காரன்தான் அழுத்தினான். நான் நின்று பார்த்தேன். யாரும் கை தட்டவில்லை. மலைப் பால் இன்றும் வருகிறது.

அவன் என்னை மறுபடி அக்கா என்று கூப்பிடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சில வாரம் கழித்து ஒரு நாள் என் அறை வாசலில் வந்து நின்றான்.

"மேடம், ஒரு விஷயம். இன்னும் கெட்டுப் போவல. ஆனா கெட்டுப் போவப் போவுது."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னான். முழுவதும் சொன்னான்.